ஹவாய் ஸ்லாக் கீ கிடார்: கேபி பஹிநுய் பத்தி பேசலாம் வாங்க

தந்தி_மீட்டி:
மக்களே, ரெண்டு மாசமா ஒரே ஆளைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன், வீட்டுல எல்லாரும் கடுப்பாயிட்டாங்க. கேபி பஹிநுய். ஹவாய்க்காரர், ஸ்லாக் கீ கிடார். டிகாக்‌ஷன் காபியும் இல்ல, காபி ராகமும் இல்ல, முதல்லயே சொல்லிடறேன், இங்க யாராவது கண்டிப்பா ஆரம்பிப்பீங்க.

என் சந்தேகம் இதுதான். இவர் வாசிக்கிறதைக் கேட்டா ஏதோ சாயங்காலம் திண்ணையில உக்காந்து காலை ஆட்டிக்கிட்டு மீட்டுற மாதிரி இருக்கு. சரி ஈஸிதான்னு நானும் கிடாரை எடுத்து உக்காந்தா நாலு பார் (தாளக் கட்டம்) தாண்ட முடியல. ஸ்பீடு கிடையாது, முரட்டு கார்டு (ஸ்வரக் கூட்டு) எதுவும் கிடையாது, மூணே மூணு கார்டு. ஆனாலும் வரமாட்டேங்குது. எங்க இடிக்குது?

சும்மா_கேக்கறவன்:
கேட்டேன் ப்ரோ. ஹோட்டல் லாபியில தேங்காய்க்குள்ள ஸ்ட்ரா போட்டுக் குடுப்பாங்களே அப்ப ஓடுற மியூசிக் தானே இது? தூக்கம் வருது. தப்பா எடுத்துக்காதீங்க.

மழைக்கால_தவளை:
காபி எனக்கும் ஒண்ணு, சர்க்கரை கம்மியா 😄

தந்தி_மீட்டி:
தவளை, நீங்கதான் முதல்ல வருவீங்கன்னு தெரியும்.

ஏழாவது_ஃப்ரெட்:
தந்தி அண்ணே, முதல்ல ஒண்ணு கேக்கறேன், கிடாரை எந்த ட்யூனிங்ல வெச்சிருக்கீங்க? ஸ்டாண்டர்ட்ல வெச்சுக்கிட்டு ட்ரை பண்ணா ஜென்மத்துக்கும் வராது.

தந்தி_மீட்டி:
ஸ்டாண்டர்ட்தான் 🙈

ஏழாவது_ஃப்ரெட்:
அங்கேயே போச்சு. ஸ்லாக் கீன்னா பேரே அதுதான். ஹவாய் மொழில கீ ஹோஆலு, அதாவது தந்தியை முறுக்குற முடுக்கைத் தளர்த்துறது. ஆறாவது தந்தியை இ-ல இருந்து டி-க்கு இறக்குங்க, அஞ்சாவதை ஏ-ல இருந்து ஜி-க்கு, ஒண்ணாவதை இ-ல இருந்து டி-க்கு. நடுவுல இருக்கிற மூணையும் தொடாதீங்க. இப்ப கீழிருந்து மேல டி-ஜி-டி-ஜி-பி-டி. எதையும் அமுக்காம ஒரு தட்டு தட்டினா முழு ஜி கார்டு வரும். இதுக்கு அங்க பேரு டாரோ பேட்ச், அதாவது சேப்பங்கிழங்கு வயல். எல்லா வீட்டுப் பின்னாடியும் இருக்கிற அளவுக்குப் பொதுவான ட்யூனிங்.

இறக்கிட்டீங்கன்னா இடது கைக்குப் பாதி வேலை மிச்சம். டி7 கார்டு வேணும்னா ரெண்டாவது தந்தில முதல் ஃப்ரெட் (கிடார் கழுத்துல இருக்கிற கட்டம்), மூணாவது தந்தில ரெண்டாவது ஃப்ரெட், ரெண்டே விரல், அஞ்சாவது தந்தியை மட்டும் அடிக்காம விட்டுடுங்க. சி வேணும்னா அஞ்சாவது ஃப்ரெட்ல ஒரே விரலைப் படுக்க வைங்க. அவ்வளவுதான் மூணு கார்டும்.

மழைக்கால_தவளை:
சேப்பங்கிழங்கு ரோஸ்ட்டுக்குன்னு தனி ட்யூனிங் இருக்கா

கல்யாணி_ராகம்:
ஏழாவது ஃப்ரெட், எனக்கு இந்த ஏ பி சி டி எல்லாம் தலைல ஏறாது, வீணைக்காரி நான். ஜி-யை ஸட்ஜமா வெச்சுப் பாத்தா உங்க டாரோ பேட்ச் ப ஸ ப ஸ க ப. சரியா? அந்தர காந்தாரம் ஒண்ணே ஒண்ணு, மீதி எல்லாம் ஸ-வும் ப-வும். ஸ்ருதிப் பெட்டியைப் போட்டுட்டு அதுமேல உக்காந்து வாசிக்கிற மாதிரிதானே இருக்கும் அப்ப? அதான் கேக்கறதுக்கு ஒரு அமைதி.

ஏழாவது_ஃப்ரெட்:
அக்கா சூப்பர், கரெக்ட். இன்னும் ஒண்ணு சொல்றேன் பாருங்க, உங்களுக்குப் பிடிக்கும். மூணாவது தந்தி ஸ இருக்குல்ல, அதை அரை ஸ்வரம் இறக்கி காகலி நிஷாதத்துல வெச்சா ப ஸ ப நி க ப. இந்த வகைக்கு வஹினேன்னு பேரு, ஹவாய்ல வஹினேன்னா பொம்பளை. அந்த நி-யை மீட்டிட்டு உடனே முதல் ஃப்ரெட்ல விரலைத் தட்டி ஸ-வுக்கு ஏத்துவாங்க. திரும்ப மீட்டறது கிடையாது, விரல் தட்டுறதுலயே சத்தம் வரணும். இல்லன்னா ஸ-ல இருந்து விரலைச் சுண்டி எடுத்து நி-க்கு விடுவாங்க. ஸ்லாக் கீ கேக்கும்போது ஒரு பெருமூச்சு மாதிரி வருமே, அது பெரும்பாலும் இதுதான்.

கல்யாணி_ராகம்:
நி-யை ஸ-வுக்குத் தவிக்க விடறாங்க. இதுக்கு எங்க ஊர்ல மேடையில ஒரு மணி நேரம் பண்ணுவோம் 🙂

சும்மா_கேக்கறவன்:
டெக்னிக்கா பேசறீங்க சரி. ஆனா ஆள் யாரு, என்ன பெருசா பண்ணாரு? ஹவாய்ல கிடார் வாசிக்கிறவன் ஆயிரம் பேர் இருப்பான்.

பழைய_ரெக்கார்டு:
தம்பி, நியாயமான கேள்வி. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

1921 ஏப்ரல் 22ல பொறந்தவர். ஹொனலூலுல ககஆகோன்னு ஒரு பகுதி, இப்ப கண்ணாடி அடுக்குமாடியா நிக்குது, அப்ப கூலிக்காரங்க குடியிருந்த ஏழைப் பேட்டை. பெத்தவங்க வெச்ச பேரு சார்லஸ் கஹஹவாய். பஹிநுய் குடும்பம் இவரை எடுத்து வளத்தாங்க. ஹவாய்ல அதுக்கு ஹானாய்னு பேரு, நம்ம ஊர் தத்து மாதிரி பத்திரம் ரிஜிஸ்டர்னு இல்ல, சொந்தத்துலயோ சிநேகத்துலயோ ஒரு புள்ளையைக் கொடுத்து வளக்கச் சொல்றது அங்க சர்வ சாதாரணம். பஹின்னா கத்தி, நுய்ன்னா பெரிசு. பெரிய கத்தி வீட்டுப் புள்ள. அஞ்சாங்கிளாஸோட படிப்பு நின்னுது, பேப்பர் போட்டாரு, ஷூ பாலிஷ் போட்டாரு, விடலைப் பருவத்துலயே மது பார்கள்ல வாசிக்க ஆரம்பிச்சாச்சு. அப்ப வாசிச்சது ஸ்லாக் கீ மட்டும் இல்ல, ஸ்டீல் கிடார்லயும் ஆள் கில்லாடி. ஸ்லாக் கீயில தன்னைவிடப் பெரியவர்னு ஹெர்மன் கியாவேங்கிறவரைத்தான் கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு.

1946ல பெல் ரெக்கார்ட்ஸ்னு ஹொனலூலு கம்பெனி ஒண்ணு, அதுக்காக ஹிஇலாவேங்கிற பாட்டை கிடாரோட பாடி 78 ஆர்பிஎம் தட்டுல பதிச்சாரு. அது வரைக்கும் ஸ்லாக் கீ வீட்டுக்குள்ள, கொல்லைப்புறத்துல, மாட்டுப் பண்ணையில இருந்த சமாச்சாரம். ரெக்கார்டுல வந்த முதல் ஸ்லாக் கீன்னு இதைத்தான் பொதுவா சொல்றாங்க. சும்மா கேக்கற தம்பி, நீங்க கேட்ட "என்ன பெருசா பண்ணாரு"வுக்கு இது ஒண்ணு.

அப்புறம் அவ்வளவு பேர் வாங்கின மனுஷன் என்ன வேலை பாத்தாரு தெரியுமா? ஹொனலூலு நகர நிர்வாகத்துல ரோடு போடற கூலி. பிக்காசும் மண்வெட்டியும். பல வருஷம். பகல்ல தார் ரோடு, ராத்திரி கிடார்.

மழைக்கால_தவளை:
ஐயா இது தெரியாது. ஜோக் அடிச்சதுக்கு சாரி.

சும்மா_கேக்கறவன்:
ரோடு போடற கையிலயா அந்த சத்தம் வருது… சரி, திரும்பக் கேக்கறேன்.

தந்தி_மீட்டி:
ஐயா மாட்டுப் பண்ணைன்னு சொன்னீங்களே, அது என்ன கனெக்‌ஷன்?

பழைய_ரெக்கார்டு:
கிடார் ஹவாய்க்கு வந்த கதை அதுதான். 1793ல வான்கூவர்ங்கிற பிரிட்டிஷ் கப்பல் கேப்டன் கமேஹமேஹா ராஜாவுக்கு மாடுகளைக் கொண்டுவந்து கொடுத்தாரு. ராஜா பத்து வருஷத்துக்கு யாரும் தொடக்கூடாதுன்னு தடை போட்டாரு. மாடு பெருகுச்சு, காட்டு மாடா மாறி தோட்டம் துரவையெல்லாம் மேஞ்சு மிதிச்சுத் தள்ளுச்சு. 1830கள்ல மூணாம் கமேஹமேஹா காலத்துல, அப்ப மெக்ஸிகோவோட சேந்திருந்த கலிபோர்னியால இருந்து மாட்டுக்காரங்களை வரவழைச்சாங்க, எங்க ஆளுங்களுக்கு மாடு பிடிக்கக் கத்துக்கொடுங்கன்னு. ஸ்பானிஷ் பேசறவங்கங்கறதால எஸ்பான்யோல்ங்கிற வார்த்தை உள்ளூர் வாயில பனியோலோ ஆயிருச்சு, இன்னிக்கும் அங்க கௌபாய்க்கு அதுதான் பேரு. வந்தவங்க கையில கிடார் இருந்துச்சு. திரும்பிப் போகும்போது கொஞ்சம் கிடாரை விட்டுட்டுப் போயிட்டாங்க, ட்யூனிங் பாடத்தை மட்டும் முழுசா விட்டுட்டுப் போகலன்னு சொல்வாங்க. உள்ளூர்க்காரங்க தங்க குரலுக்கும் பாட்டுக்கும் ஏத்த மாதிரி தந்தியை இறக்கிக்கிட்டாங்க.

யாழ்_டொரொன்டோ:
நல்ல இழை. ஒரு சந்தேகம். ஹவாயன் கிடார் எண்டு சின்ன வயசில ரேடியோவில சொல்லுவினம், மடியில படுக்க வைச்சு இரும்புத் துண்டால இழுத்து வாசிக்கிறது. அதுவும் இதுவும் ஒண்டோ?

ஏழாவது_ஃப்ரெட்:
இல்லண்ணே, இந்தக் குழப்பம் எல்லாருக்கும் வரும். நீங்க சொல்றது ஸ்டீல் கிடார், மடியில வெச்சு இரும்பை இழுத்து வாசிக்கிறது. அதை உருவாக்கினவர்னு ஓஆஹு தீவுல லாயியே ஊர்க்காரர் ஜோசப் கெகுகுவைச் சொல்வாங்க, 19ஆம் நூற்றாண்டு கடைசில. ஸ்லாக் கீ சாதாரண கிடார், நிமித்தி வெச்சு விரலால வாசிக்கிறது, இரும்பு கிடையாது. கேபி ரெண்டும் வாசிப்பாரு, அதான் குழப்பம் ஜாஸ்தி. ரை கூடர்ங்கிற அமெரிக்க கிடார்க்காரரோட 1976 ஆல்பத்துல கேபி ஸ்டீல் வாசிக்க, பக்கத்துல அட்டா ஐசக்ஸ்னு ஒருத்தர் ஸ்லாக் கீ வாசிப்பாரு. சில பேர் அந்த ஸ்டீலைக் கேட்டுட்டு இதுதான் ஸ்லாக் கீன்னு முடிவு பண்ணிடறாங்க.

பழைய_ரெக்கார்டு:
யாழ் நண்பருக்கு ஒரு சுவாரசியம். கெகுகுவுக்கு முன்னாடியே இந்தியாவுல பொறந்த கேப்ரியல் டேவியன்னு ஒருத்தர், கப்பல்ல ஹொனலூலு வந்து சேந்தவர், 1880கள்லயே தந்தி மேல எதையோ வெச்சு இழுத்து வாசிச்சார்னு ஒரு கதை உண்டு. கதைன்னுதான் சொல்றேன், பந்தயம் கட்டாதீங்க. ஆனா திரும்பி வந்த கதை நிஜம். டவ் மோயேங்கிற ஹவாய் ஸ்டீல் கிடார்க்காரர் 1940கள்ல குடும்பத்தோட கல்கத்தாவுல தங்கி வாசிச்சு, சொல்லியும் கொடுத்தாரு. வடக்க இன்னிக்கு ஸ்லைடு கிடார்ல ராகம் வாசிக்கிறதுக்கெல்லாம் அந்த ஹவாய் அலைதான் தொடக்கம். அப்படி ஸ்லைடு கிடார்ல ராகம் வாசிக்கிற விஸ்வமோகன் பட் கூட 1993ல ஒரு ஆல்பம் பண்ணினவர் யாருன்னு பாருங்க, இதே ரை கூடர்.

கல்யாணி_ராகம்:
நம்ம கோட்டுவாத்தியமும் இழுத்து வாசிக்கிறதுதான், ஆனா அது தனி வம்சம் ஐயா, யாராவது வந்து முடிச்சுப் போடறதுக்கு முன்னாடி சொல்லிடறேன்.

சும்மா_கேக்கறவன்:
சரி, மறுபடி கேட்டேன். ஹிஇலாவே மூணு தடவை. ஒத்துக்கறேன், லாபி மியூசிக் இல்ல. ஆனா இந்த ரை கூடர் வராம இருந்திருந்தா கேபியை யாருக்குத் தெரியும்? வெள்ளைக்காரன் வந்து கண்டுபிடிச்ச பிறகுதானே எல்லாரும் கும்பிடறாங்க?

பழைய_ரெக்கார்டு:
இதுல எனக்குக் கோவமே வரும் தம்பி. ரை கூடர் அந்த வீட்டு வாசல்ல போய் நின்னது 70கள் நடுவுல, கேபி பேண்டோட சேந்து பண்ண முதல் ஆல்பம் 1975ல. அதுக்குப் பதினஞ்சு வருஷம் முன்னாடியே, 1960 வாக்குல எடி கமாயேங்கிற யுகுலேலி (நாலு தந்திக் குட்டி கிடார்) வாசிக்கிறவரும் கேபியும் சேந்து சன்ஸ் ஆஃப் ஹவாய்னு ஒரு குழு ஆரம்பிச்சாங்க. பாஸ் வாசிக்க ஜோ மார்ஷல், ஸ்டீலுக்கு டேவிட் ரோஜர்ஸ், இவரை ஃபீட்னுதான் கூப்பிடுவாங்க. சாண்ட் ஐலண்ட் ரோட்டுல சாண்ட்பாக்ஸ்னு ஒரு க்ளப்ல உள்ளூர்க்காரங்க கூட்டம் அலைமோதுச்சு. காலத்தைக் கவனிங்க, 1959ல ஹவாய் அமெரிக்காவோட மாநிலமாச்சு, ஜெட் விமானத்துல டூரிஸ்ட் வந்து குவியறான், வைகிகின்னு டூரிஸ்ட் கடற்கரையில இங்கிலீஷ்ல இடுப்பாட்டுப் பாட்டு. அந்த நேரத்துல இவங்க பழைய ஹவாய் மொழிப் பாட்டைத் தேடித் தேடிப் பாடறாங்க. 1893ல ஹவாய் ராணியை ஆட்சியில இருந்து இறக்கினாங்க, 1896ல ஸ்கூல்ல இங்கிலீஷ்தான்னு சட்டம் போட்டாங்க, ரெண்டு மூணு தலைமுறைக்கு வீட்டுலயே மொழி போயிருச்சு. அப்படி இருக்கிற ஊர்ல ஒரு ரோடு கூலி தாய்மொழியில பாடறதைக் கேட்டா அங்க இருக்கிறவனுக்கு எப்படி இருந்திருக்கும்? அதை யாரும் கண்டுபிடிச்சுக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்ல.

சும்மா_கேக்கறவன்:
ஐயா ஓகே ஓகே, வாபஸ்.

ஏழாவது_ஃப்ரெட்:
ஐயா சொல்றதுல பாதிக்கு ஒத்துக்கறேன், ஆனா ரை கூடரை முழுசா ஒதுக்கவும் முடியாது. அவர் அங்க போய் மாஸ்டர்னு நடுவுல உக்காரல, கேபி பேண்டுல ஒரு ஆளா உக்காந்து வாசிச்சாரு. அவரோட அந்த 1976 ஆல்பத்துக்கு வெச்ச பேரே சிக்கன் ஸ்கின் மியூசிக், ஹவாய் பேச்சு வழக்குல மயிர்க்கூச்செறியறதுக்கு சிக்கன் ஸ்கின்னுதான் சொல்வாங்க. அதே ஆல்பத்துல ஃப்ளாகோ ஹிமனேஸ்னு டெக்ஸஸ் மெக்ஸிகன் அக்கார்டியன்காரரும் இருக்காரு. மெக்ஸிகோ மாட்டுக்காரன் விட்டுட்டுப் போன கிடாரும் மெக்ஸிகன் அக்கார்டியனும் நூத்தி நாப்பது வருஷம் கழிச்சு ஒரே தட்டுல. வேணும்னு பண்ணாரோ தானா அமைஞ்சுதோ, கேக்கும்போது எனக்கு இதுதான் ஓடும்.

யாழ்_டொரொன்டோ:
ஐயா எழுதின அந்த மொழி விசயம் மனசைப் பிசையுது. இங்க பிறந்த எங்கட பிள்ளையளைப் பாக்கிற எனக்கு அது விளங்கும். வேற ஒண்டும் சொல்லேல்ல.

ஹொனலூலு_ரிட்டர்ன்:
லேட்டா வரேன். வேலை விஷயமா கொஞ்ச காலம் ஓஆஹுல இருந்தேன். கேபி வீடு வைமானலோவுல, தீவோட அந்தப் பக்கம், ஹொனலூலுல இருந்து மலையைக் குடைஞ்ச சுரங்க ரோட்டுல போகலாம், இல்லன்னா கடலோரமா மகபுஉ முனையைச் சுத்திப் போகலாம், ரெண்டாவது வழியில போங்க. ஒரு பக்கம் கோஓலாவ் மலை சுவரு மாதிரி நிக்கும், மழை பெஞ்சா அதுல வெள்ளை வெள்ளையா கோடு கோடா அருவி இறங்கும், இந்தப் பக்கம் கடல், கடலுக்குள்ள முயல் தீவுன்னு ஒரு குட்டித் தீவு. 1973ல வந்த கேபி ஆல்பம் ஒண்ணுக்கு அந்தத் தீவுப் பேருதான். ஊர் ஒண்ணும் ரிசார்ட் இல்ல, உழைக்கிற ஜனம் இருக்கிற ஊர், ஹவாய் வம்சத்துக்காரங்க நிறைய.

அவர் வீட்டுக் கொல்லையில வாராவாரம் வெள்ளிக்கிழமை ஆரம்பிச்சா ஞாயித்துக்கிழமை வரைக்கும் கச்சேரியாம், கச்சேரின்னு சொல்லக்கூடாது, யாரு வேணா வரலாம், வாசிக்கத் தெரிஞ்சவன் வாசிப்பான் தெரியாதவன் சாப்பிட்டுட்டுக் கேப்பான். கனிகபிலான்னு பேரு. சன்னி சில்லிங்வொர்த், அட்டா ஐசக்ஸ் மாதிரி பெரிய கைங்களும் அங்கதான், பின்னாடி பெரிய ஆளான பீட்டர் மூன் மாதிரி இளவட்டங்களும் அங்கதான். அங்க இருக்கும்போது எங்கூட வேலை பாத்த ஒரு பெரியவர்கிட்ட இவர் பேரைச் சொன்னேன், உடனே "பாப்ஸ்"னாரு. பேரே சொல்லல. அப்பான்னுதான் ஊரே கூப்பிடுது.

தந்தி_மீட்டி:
ஆஹா. பசங்களும் வாசிச்சாங்கல்ல?

ஹொனலூலு_ரிட்டர்ன்:
சிரில், ப்ளா, மார்ட்டின், பிலிப். இதுல சிரில் பெரிய கிடாரிஸ்ட், 2017ல அமெரிக்க அரசோட நேஷனல் ஹெரிடேஜ் ஃபெல்லோஷிப் கெடச்சுது, அடுத்த வருஷமே 2018ல போயிட்டாரு. அவரோட டியூனிங், அடி எல்லாம் அப்பாகிட்ட இருந்து வந்ததுதான், ஆனா இன்னும் சுத்தமா வெட்டி வெட்டி வாசிப்பாரு. அப்பாகிட்ட இருக்கிற அந்தப் பிசிறு இருக்காது. எனக்குப் பிசிறுதான் பிடிக்கும்.

கல்யாணி_ராகம்:
பிசிறுன்னா?

ஹொனலூலு_ரிட்டர்ன்:
குரல் சொல்றேன் அக்கா, கிடாரும்தான். கீழ பாடும்போது கரகரன்னு இருக்கும், திடீர்னு மேல கள்ளக்குரலுக்கு எகிறுவாரு, எகிறுற இடத்துல ஒரு உடைசல் கேக்கும். அங்க அதை மறைக்க மாட்டாங்க, அந்த உடைசல்தான் அழகே.

ஏழாவது_ஃப்ரெட்:
தந்தி அண்ணே, உங்க முதல் கேள்விக்கு வர்றேன், எல்லாரும் எங்கயோ போயிட்டோம். ட்யூனிங்கை இறக்கிட்டீங்களா? இப்ப ஒரு வாரத்துக்கு மெலடியைத் தொடாதீங்க. கட்டை விரல் மட்டும். ஜி கார்டுல அஞ்சாவது தந்தி, நாலாவது தந்தி, அஞ்சு, நாலு, அஞ்சு, நாலு. டி7 வந்தா ஆறு, நாலு, ஆறு, நாலு. கடிகாரம் மாதிரி. டிவி பாத்துக்கிட்டே போடுங்க, பேசிக்கிட்டே போடுங்க, விரல் தப்பக்கூடாது. ஏன்னா கேபியோட ரகசியமே இங்கதான்னு நான் நினைக்கிறேன். மேல அவர் வாசிக்கிற மெலடி சோம்பேறித்தனமா லேட்டா வரும், சில இடத்துல முந்திக்கும், குரல் இழுக்கிற இடத்துல கிடாரும் இழுக்கும். கீழ கட்டை விரல் மட்டும் ஒரு மயிரிழை அசையாது. நமக்குக் காதுல மேல உள்ளது மட்டும்தான் விழும், ஆஹா ரிலாக்ஸா இருக்கேன்னு. தளர்ந்தது தந்திதான் அண்ணே, தாளம் இல்ல. நீங்க ரெண்டையும் சேத்து தளர்த்திட்டீங்க, அதான் நாலு பார்ல கவுந்துடுது.

கல்யாணி_ராகம்:
இதைத்தான் எங்க டீச்சர் தாளத் தந்தியைக் கவனின்னு முட்டியில அடிச்சு சொல்லுவாங்க.

ஏழாவது_ஃப்ரெட்:
😄 அடுத்தது வேம்ப். ஒரு சரணம் முடிஞ்சு அடுத்தது தொடங்குறதுக்கு நடுவுல ஒரு குட்டித் துண்டு வாசிப்பாங்க பாத்தீங்களா, டி7-ல இருந்து ஜி-க்கு வந்து இறங்குற மாதிரி. ஹுலா ஆடறவங்களுக்கு அடுத்த அடி எடுக்க அது சிக்னல், பாடறவருக்கு மூச்சு வாங்க நேரம். ஆளாளுக்கு வேம்ப் வேற. கண்ணை மூடிக்கிட்டு வேம்பை மட்டும் கேட்டா இது யாருன்னு சொல்லிடலாம்பாங்க. கேபியோடதுல ஒண்ணாவது தந்தியும் மூணாவது தந்தியும் ஜோடியா மேல இருந்து படி இறங்கி வரும், நடுவுல விரல் தட்டுறது, சுண்டுறது, கடைசில பன்னெண்டாவது ஃப்ரெட்ல விரலைச் சும்மா தொட்டு மணி அடிச்ச மாதிரி ஒரு ஹார்மோனிக். நீங்க மூணு கார்டுன்னு சொன்னீங்களே, கார்டு மூணுதான், வேலை எல்லாம் அந்தக் கார்டுகளுக்கு நடுவுல இருக்கு.

சும்மா_கேக்கறவன்:
ஹிஇலாவே பாட்டுக்கு அர்த்தம் என்ன? அந்த வார்த்தைங்களே நல்லா இருக்கு.

பழைய_ரெக்கார்டு:
ஹிஇலாவேன்னா அருவி, ஹவாயோட பெரிய தீவுல வைபிஓ பள்ளத்தாக்குல இருக்கு, ரொம்ப உசரம். பாட்டு வெளியில பாத்தா அருவியோட அழகு. உள்ள பாத்தா ஊர் ஏத்துக்காத காதல். சுத்தியும் பறவைங்க கூட்டமா சளசளன்னு கத்துது, அதுங்ககிட்ட இருந்து நான் தப்பிச்சேன்னு ஒரு வரி வரும். பறவைன்னா வம்பு பேசற ஊர் ஜனம். அவங்க பாட்டுல மழை, பூ, மூடுபனின்னு எதைச் சொன்னாலும் அடியில ஒரு ஆள் இருப்பாங்க, அதுக்கு காவோனான்னு பேரு. மறைபொருள்.

கல்யாணி_ராகம்:
அலர் தூற்றுறதுன்னு சங்கப் பாட்டுல வருமே, தோழிகிட்ட தலைவி புலம்புவா. அதேதான். அருவி, புள்ளு, மழை எல்லாம் வெச்சு உள்ள ஒண்ணைச் சொல்றது நமக்குப் பழக்கமாச்சே. நாளைக்குக் கேக்கறப்ப வேற மாதிரி கேக்கப் போறேன் இதை.

மழைக்கால_தவளை:
அந்த ட்யூனிங்கையெல்லாம் மறைச்சு வெப்பாங்கன்னு எங்கயோ கேட்டேனே, உண்மையா ஏழாவது ப்ரோ?

ஏழாவது_ஃப்ரெட்:
ஆமா ப்ரோ. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி ட்யூனிங், வெளியாளுக்குச் சொல்ல மாட்டாங்க. வாசிச்சு முடிச்சுட்டு கிடாரைக் கீழ வைக்கிறதுக்கு முன்னாடி முடுக்கைத் திருகி எல்லாத் தந்தியையும் கலைச்சு விட்டுருவாங்கன்னு கதை உண்டு, யாரும் வந்து தொட்டுப் பாத்துக் கண்டுபிடிச்சுறக் கூடாதுன்னு. 70கள்ல இருந்துதான் கொஞ்சம் கொஞ்சமா புத்தகம், வகுப்புன்னு வெளிய வந்துச்சு. அப்புறம் ஜார்ஜ் வின்ஸ்டன்னு பியானோக்காரர் டான்சிங் கேட்னு ஒரு கம்பெனி வெச்சு 90கள்ல ரே கானே, சன்னி, லெனர்ட் க்வான்னு பழைய கைங்களையெல்லாம் வரிசையா பதிவு பண்ணாரு. அந்த நேரத்துல கேபி உயிரோட இல்ல.

தந்தி_மீட்டி:
எப்ப போனாரு?

பழைய_ரெக்கார்டு:
1980 அக்டோபர் 13. கோல்ஃப் ஆடிக்கிட்டு இருக்கும்போது மாரடைப்பு. 59 வயசு. அவர் மேல புனிதர் பட்டம் கட்ட வேண்டாம், குடி உண்டு, பல வருஷம் அதோட மல்லுக்கட்டினாரு, கச்சேரிக்கு நேரத்துக்கு வராம கூட இருந்தவங்களைத் தவிக்க விட்டதும் உண்டு. கடைசி வரைக்கும் கிடாரை வெச்சு வசதியா வாழ்ந்தார்னும் சொல்ல முடியாது. 2011ல வந்த ஜார்ஜ் க்ளூனி படம் ஒண்ணுல பின்னணி முழுக்க ஹவாய் பாட்டு, இவர் பாட்டும் இருந்துச்சு, அதுக்கப்புறம் உலகம் பூரா ஒரு சுத்து கேட்டாங்க. அவர் போய் முப்பத்தோரு வருஷம் கழிச்சு.

யாழ்_டொரொன்டோ:
அந்தப் படத்தைப் பாத்திட்டு வெளியில வந்து பாட்டைத் தேடினவன் நானும்தான் ஐயா. அப்ப பேர் தெரியேல்ல. இப்பதான் முகம் பொருந்துது.

தந்தி_மீட்டி:
எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழிச்சு வரேன், ஏழாவது ஃப்ரெட் சொன்ன மாதிரி கட்டை விரல் மட்டும்தான். முதல் மூணு நாள் அஞ்சு நாலு அஞ்சு நாலுன்னு தூக்கத்துல கூட தொடையில தட்டிக்கிட்டு இருந்தேன், வீட்டம்மா முறைச்சாங்க. எட்டாவது நாள் மேல ஒத்தை விரல்ல ரெண்டு ஸ்வரம் போட்டுப் பாத்தேன். கீழ ஓடிக்கிட்டே இருந்துச்சு! பதினாறு பார் போயிட்டேன்யா! வேம்ப் இன்னும் வரல, படி இறங்கும்போது ரெண்டு படி தாண்டி குப்புற விழறேன், அது மெதுவா.

ஒரு சின்ன விபத்து. நேத்து ராத்திரி ஆசையில வஹினேக்கு இறக்கிட்டு அப்படியே சுவத்துல சாத்தி வெச்சுட்டுத் தூங்கிட்டேன். காலையில பையன் ஸ்கூல் ஆண்டு விழா பாட்டுக்கு ப்ராக்டிஸ் பண்ண எடுத்திருக்கான், அமுக்கினா எல்லாம் தப்பு சத்தம், "அப்பா கிடாரைக் கெடுத்துட்டாரு"ன்னு அம்மாகிட்ட பஞ்சாயத்து.

மழைக்கால_தவளை:
அவனுக்குச் சொல்லிக் கொடுத்துட்டீங்களா?

தந்தி_மீட்டி:
எங்க? முடுக்கைத் திருகி எல்லாத்தையும் கலைச்சு விட்டுட்டேன். குடும்ப ரகசியம்.